பவுத்திரத்துக்கு எந்தச் சத்திரசிகிச்சை: திறந்து விடுவதா, நூல் கட்டுவதா, தசையைக் காப்பாற்றுவதா?

மலவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பரு. நாலைந்து நாள் இருக்கவும் விடாது, படுக்கவும் விடாது. பிறகு தானாக உடைந்து சீழ் வடிய, வலி பறந்துவிடும். இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. அதன்பின் அதே இடத்தில் மறுபடியும் வீக்கம், மறுபடியும் உள்ளாடையில் மஞ்சள் கறை. மூலவியாதி என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். கச்சான் காற்றுக் காலத்துச் சூடு என்று சொல்லி இளநீர் குடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. பார்மசியில் அன்ரிபயோட்டிக் வாங்கி மூன்று நாள் போட்டுவிட்டு நிறுத்துபவர்கள் இன்னும் அதிகம். இப்படி இரண்டு வருடம் போனபின் கிளினிக்குக்கு வரும்போது ஒரு துவாரம் மூன்றாகியிருக்கும்.

இதுதான் பவுத்திரம். ஆஸ்பத்திரியில் பிஸ்டுலா என்பார்கள். பெரியவர்களுக்கு வந்த பிஸ்டுலா தானாக மூடிவிடும் என்று காத்திருப்பதில் பயன் மிகக் குறைவு. ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதோ ஒரு சத்திரசிகிச்சை வேண்டிவரும். எந்தச் சத்திரசிகிச்சை என்பதில்தான் குழப்பம். வெட்டினால் மலம் அடக்க முடியாமல் போகும் என்று ஒருவர் பயமுறுத்துவார். கொழும்பில் லேசர் இருக்கிறது, ஒரே நாளில் சுகம் என்பார் இன்னொருவர். நூல் கட்டினால் திரும்ப வரவே வராது என்று மூன்றாமவர் சத்தியம் செய்வார். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு, கொஞ்சம் ஆபத்தும் உண்டு.

எல்லாமே தசைக் கணக்கு

மலவாசலுக்கு உள்ளே ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் உயரத்தில் வட்டமாக ஒரு கோடு ஓடுகிறது. சிறு சுரப்பிகள் சில அந்தக் கோட்டில் வாய் திறக்கின்றன. அவற்றில் ஒன்று அடைபட்டுச் சீழ் பிடித்தால், சீழ் தசைகளுக்கு நடுவே வழி தேடி வந்து தோலில் உடைகிறது. சீழ்க்கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது அந்த வழி மூடாமல் ஒரு குழாயாகத் தங்கிவிடும். அதற்கு உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய். உள்வாயால் கிருமி ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும். அன்ரிபயோட்டிக் சுற்றியுள்ள வீக்கத்தை அடக்குமே தவிர, குழாயை மூடாது.

இந்தக் குழாய் கடந்து வரும் இடத்தில் இரண்டு சுருக்குத்தசைகள் இருக்கின்றன. உள்தசை நம் யோசனையில்லாமலே இயங்கும்; நாம் தூங்கும்போதும் வாசலை மூடி வைத்திருப்பது அதுதான். வெளித்தசை நாம் நினைத்து இறுக்குவது. ஹபரணைக் காட்டுவழியில் பஸ் நிற்காமல் போகும்போது அடக்கி வைத்திருக்க உதவுவது அந்த வெளித்தசை. உங்கள் குழாய் இந்த இரண்டில் எவ்வளவைக் குறுக்கே கடந்து போகிறது? சிகிச்சைத் தெரிவு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. லண்டனைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் அலன் பார்க்ஸ் 1976 இல் வெளியிட்ட நான்கு வகைப் பிரிப்பு இன்றும் புழக்கத்தில் இருப்பது இதனால்தான். இரண்டு தசைக்கும் இடையில் மட்டும் ஓடுவது முதல் வகை, வெளித்தசையையும் துளைத்து வருவது இரண்டாவது. தசை முழுவதற்கும் மேலாக ஏறி இறங்குவதும், தசைக்கு முற்றிலும் வெளியே ஓடுவதும் அரிதான மற்ற இரண்டு. பெரும்பாலானோருக்கு முதல் இரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

ஆகவே, "எனக்கும் பிஸ்டுலாதான், நான் இன்னது செய்தேன், சுகம்" என்று பக்கத்து வீட்டு அண்ணை சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அவருடைய குழாய் வேறு, உங்களுடையது வேறு.

தெரிவுக்கு முன்னால்

இப்போது வீங்கிக் கொதித்து வலித்துக்கொண்டிருக்கிறது என்றால் அது சீழ்க்கட்டி. அந்த நேரத்தில் ஒப்பீடு எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். காய்ச்சலும் நீரிழிவும் சேர்ந்திருந்தால் இரவோடு இரவாகப் போக வேண்டும்; நீரிழிவுக்காரருக்குச் சீழ் சுற்றியுள்ள சதைக்குள் வேகமாகப் பரவும். கீறும்போதே பிஸ்டுலாவையும் தேடிப் பிடித்து முடித்துவிடும்படி வற்புறுத்தாதீர்கள். வீங்கிக் குழைந்த சதையில் கம்பி விட்டுத் தேடினால் இல்லாத பாதை ஒன்று புதிதாக உருவாகிவிடலாம். ஆறு, எட்டு வாரம் கழித்து வீக்கம் வற்றியபின் பார்ப்பதே பாதுகாப்பு.

கிளினிக்கில் விரலால் பரிசோதிக்கும்போது வைத்தியர் "இறுக்குங்கோ, விடுங்கோ" என்பார். வெட்கப்பட்டு அரைகுறையாக இறுக்காதீர்கள். உங்கள் தசை இப்போது எவ்வளவு பலமாக இருக்கிறது, எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தாங்கும் என்பதை அவர் அந்த அரை நிமிடத்தில்தான் மதிப்பிடுகிறார். தும்மும்போது வாயு போகிறதா, பிரசவத்தில் கிழிந்து தையல் போட்டதா, அடிக்கடி வயிற்றோட்டம் போகிறதா, இரத்தம் கலந்து போகிறதா, காசநோய் இருந்ததா, இரத்தம் உறையாதிருக்க அஸ்பிரின் அல்லது குளொப்பிடோகிரெல் எடுக்கிறீர்களா என்பதையெல்லாம் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. துவாரம் மலவாசலுக்குக் கிட்ட இருந்து, குழாய் தோலுக்குக் கீழே ஒரு கயிறுபோல விரலுக்குத் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் எளிய வகை. ஒன்றுக்கு மேல் துவாரம், முன்பு ஒருமுறை வெட்டித் திரும்ப வந்தது, பெண்களுக்கு முன்பக்கத்தில் வந்தது, குடல் அழற்சி நோய்ச் சந்தேகம் ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்காமல் கத்தி வைப்பது சரியில்லை. மறைந்திருக்கும் கிளை ஒன்றைத் தவறவிடுவதும், உள்வாயைக் கண்டுபிடிக்காமல் விடுவதும்தான் திரும்ப வருவதற்கு முக்கிய காரணங்கள்.

திறந்து விடுதல்

மிகப் பழையது, மிக எளிமையானது, தகுந்தவருக்கு இன்றும் மிகச் சிறந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து, கால்களை உயர்த்தி வைப்பார்கள். வெளித் துவாரத்தால் ஐதரசன் பெரொட்சைட்டைச் சிறிது செலுத்தினால் உள்ளே ஓரிடத்தில் நுரை பொங்கும். அந்த இடம்தான் உள்வாய். மழுங்கிய நுனியுள்ள மெல்லிய கம்பி ஒன்றை வெளியிலிருந்து உள்வாய் வரை தள்ளாமல் வழுக விடுவார்கள். கம்பிக்கு மேலே கிடக்கும் தசை எவ்வளவு என்று விரலால் அளந்து பார்ப்பது முழுச் சிகிச்சையிலும் முக்கியமான நொடி. குறைவாக இருந்தால் கம்பியின் மேலாகவே கீறிக் குழாயை ஒரு வாய்க்காலாகத் திறந்துவிடுவார்கள். அடியிலுள்ள பழைய சதையைச் சுரண்டி, ஒரு துண்டைக் காசநோய், புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் அரை மணி நேர வேலை. ஓரங்களை அடித்தளத்தோடு தைத்துவிட்டால் இரத்தக் கசிவு குறையும், புண்ணும் சீக்கிரம் ஆறும்.

குழாய் தசைகளுக்கு இடையில் மட்டும் இருந்தாலோ, வெளித்தசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கடந்தாலோ, இந்த முறையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுகமாகிறது. ஒரே தடவை போதும். புண் முழுவதும் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். இதில் விலையாகக் கொடுப்பது சிறிதளவு தசை. சிலருக்கு வாயுவை அடக்குவதில் தளர்வு வரும், உள்ளாடையில் இலேசான கறை படும். பலருக்கு அது சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். பத்தில் ஒன்பது என்ற எண்ணை மட்டும் கேட்டு மகிழாமல், உங்களுக்கு இந்த ஆபத்து எவ்வளவு என்றும் கேளுங்கள்.

யாருக்கு இது பொருந்தாது? பெண்களுக்கு முன்பக்கத்தில் வெளித்தசை இயல்பாகவே குட்டையானது. பிரசவத்தில் ஏற்கனவே பழுதுபட்டும் இருக்கலாம். முன்பக்கப் பிஸ்டுலாவைப் பெண்ணொருவருக்குத் திறந்துவிடலாம் என்று சொன்னால், இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. முன்பு ஒருமுறை தசை வெட்டுப்பட்டவர், நாட்பட்ட வயிற்றோட்டம் உள்ளவர், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர் ஆகியோருக்கும் இது வேண்டாம். குரோன்ஸில் தளர்ந்த நூலும் குடல் நோய்க்கான மருந்தும்தான் முதல் வழி.

தளர்ந்த நூல்

வைத்தியர்கள் இதை சீட்டன் என்பார்கள். குழாய்க்குள் ஒரு நூலை அல்லது மெல்லிய ரப்பர் வளையத்தை விட்டு, வெளியே தளர்வாக முடிச்சுப் போட்டுவிடுவது. அது எதையும் வெட்டாது. சீழ் தேங்காமல் வடிய ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கும், அவ்வளவுதான். வலி குறைவு. நூல் இருக்கும்போதே குளிக்கலாம், மலம் கழிக்கலாம், வேலைக்குப் போகலாம்.

"இது சுகமாக்காதே, பிறகு எதற்கு?" என்று கேட்பார்கள். அவசரத்தில் வெட்டிய தசையைத் திரும்ப ஒட்டவைப்பது கடினம். நூலை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். தியேட்டரில் கம்பி விட்டுப் பார்க்கும்போது தசை எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று தெரிந்தால், நூலை மட்டும் கட்டிவிட்டு வெளியே வருகிற வைத்தியர் உங்களுக்கு நல்லதையே செய்திருக்கிறார். வேலையை அரைகுறையாக விட்டுவிட்டார் என்று கோபித்து இடம் மாறுகிறவர்கள் அந்த நன்மையை இழந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் சீழ் வற்றி, குழாய் உறுதியான ஒற்றைப் பாதையாகிவிடும். அடுத்த கட்டத்துக்கு அது தேவை.

இதே நூலை இறுக்கிக் கட்டி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மேலும் இறுக்கித் தசையை மெல்ல மெல்ல வெட்டவிடும் முறையும் இருந்தது. வெட்டிய இடம் பின்னாலேயே ஆறிக்கொண்டு வருவதால் தசை விலகாது என்பது அதன் நியாயம். ஆனால் வலி அதிகம், அடக்க முடியாமை வரும் வாய்ப்பும் கூடுதல். இன்று பல நிபுணர்கள் இதைக் கைவிட்டுவிட்டார்கள். நூல் கட்டுவதாக வைத்தியர் சொன்னால், "தளர்ந்த நூலா, வெட்டும் நூலா?" என்று கேட்டுவிடுங்கள்.

காரநூல்

நமது பக்கத்தில் இதைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச முடியாது. சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. தமிழ் மருத்துவத்தில் பவுத்திரத்துக்குச் செய்யும் பழைய சிகிச்சை காரநூல், அதாவது கார மருந்து பூசிய நூலைக் குழாய்க்குள் விட்டுக் கட்டுவது.

20 ஆம் இலக்கத் தடித்த லினன் நூலை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, முதலில் இலைக்கள்ளிப் பால் மட்டும் 11 பூச்சு. அடுத்து அதே பாலோடு நாயுருவிச் சாம்பலில் எடுத்த உப்பு 7 பூச்சு. கடைசியாகப் பாலும் மஞ்சள் தூளும் 3 பூச்சு. மொத்தம் 21. ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின்தான் அடுத்தது, ஆகவே ஒரு நூல் தயாராக மூன்று வாரமளவு ஆகும். குழாய்க்குள் விட்டுக் கட்டியபின் காரம் உட்சதையை அரித்துச் சுத்தமாக்கும், நூல் மெல்ல வெட்டிக்கொண்டு வெளியே வரும். வாரத்துக்கு ஒருமுறை நூல் மாற்ற வேண்டும். பழைய நூலின் ஒரு நுனியில் புதியதைக் கட்டி, முடிச்சுக்கு மறுபக்கம் வெட்டி, இழுத்தால் பழையதன் பின்னால் புதியது உள்ளே போய்விடும். ஒரு நிமிட வேலைதான், ஆனால் எரிவு சில மணி நேரம் நிற்கும். சராசரியாக வாரத்துக்கு அரை முதல் 1 சென்ரிமீற்றர் வெட்டும். 5 சென்ரிமீற்றர் குழாய் என்றால் ஐந்து முதல் பத்து வாரம் என்று கணக்குப் போடுங்கள்.

இதற்குச் சான்று இல்லை என்று சொல்வது தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு பல ஆஸ்பத்திரிகளில் நடத்தி 1991 இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், திரும்ப வந்தது காரநூலில் 4 சதவீதம், வழக்கமான சத்திரசிகிச்சையில் 11 சதவீதம். ஆறுவதற்கு எடுத்த காலம் காரநூலுக்கு 8 வாரம், சத்திரசிகிச்சைக்கு 4 வாரம்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். காரநூலும் வெட்டும் நூல்தான். கட்டப்பட்ட வளையத்துக்குள் எவ்வளவு தசை இருக்கிறதோ அவ்வளவும் வெட்டுப்படும். மூலிகை என்பதால் தசைக்கு விதிவிலக்கு இல்லை. உயரமான குழாயிலும் பெண்களின் முன்பக்கக் குழாயிலும் அதே ஆபத்து இங்கும் உண்டு. ஆகவே கட்டுபவர் பதிவுபெற்றவராக, சத்திர முறையில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். உள்வாயைக் கண்டறிந்தபின்தான் கட்ட வேண்டும். பலகை மாட்டிய அறையில் ஊசி போட்டுக் கருக்குவதாகச் சொல்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். அரிக்கும் திரவம் குழாய்க்குள் நிற்காது, சுற்றியுள்ள தசையையும் கரைத்துவிடும். பிறகு எந்த நிபுணராலும் அதை முழுதாகத் திருத்த முடியாது.

தசையை வெட்டாத முறைகள்

குழாய் அதிக தசையைக் கடந்தால் நூலுக்குப் பிறகு என்ன? இரண்டு முறைகள் கவனிக்கத் தக்கவை.

தாய்லாந்தின் அருண் ரோஜனசகுல் 2007 இல் வெளியிட்ட லிஃப்ட் முறையில், இரண்டு தசைக்கும் இடையிலுள்ள பள்ளத்துக்குள் சிறு கீறல் வழியாக இறங்கி, குழாயைக் கட்டி நடுவில் வெட்டிவிடுகிறார்கள். தசை ஒரு நார்கூட வெட்டுப்படாது. ஏறக்குறைய மூன்றில் இருவருக்குச் சரிவரும். சரிவராதவர்களிலும் பலருக்கு மிஞ்சுவது தசைகளுக்கு இடையிலான சிறு குழாய்தான், அதைப் பின்னர் பயமில்லாமல் திறந்துவிடலாம். தோல்வியிலும் இலாபம் தரும் சிகிச்சை என்பதால் எங்கள் கணிப்பில் இது முன்னுக்கு நிற்கிறது. மற்றது, உள்வாயை மேலிருந்து இழுத்த சவ்வு மடிப்பால் மூடித் தைப்பது. பலனும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் கைத்திறன் அதிகம் வேண்டும். மடிப்புக்கு இரத்தம் போகாமல் பிய்ந்துவிட்டால் துவாரம் முன்பைவிடப் பெரிதாகும். புகைப்பவர் நிறுத்திவிட்டுத்தான் இதற்குப் போக வேண்டும்.

லேசர், குழாய்க்குள் கமெரா விட்டுப் பார்த்துச் சுடுவது, பசையால் ஒட்டுவது, அடைப்பான் செருகுவது. இவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். லேசர் குழாயின் உட்சுவரைச் சுட்டு மூடப்பார்க்கிறது. புண் சிறிது, வலி குறைவு, தசைக்குச் சேதம் மிகக் குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் பலன் வெளியான ஆய்வுகளில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு வரைதான். பசையும் அடைப்பானும் அதற்கும் கீழே. எளிய பிஸ்டுலாவுக்குத் திறந்து விடுதல் இலவசமாகக் கிடைக்கும்போது, நகையை அடகுவைத்துக் கொழும்புக்குப் போய் அதைவிடப் பலன் குறைந்த ஒன்றைச் செய்துகொள்வது நியாயமில்லை. உயரமான பிஸ்டுலாவுக்கு லிஃப்ட் தோற்றபின் யோசிக்கலாம்.

நம் ஊரில் எதை எடுப்பது

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் தொடங்குங்கள். பரிசோதனையும், மயக்கத்தில் பார்த்தலும், எளியதைத் திறந்து விடுவதும், நூல் கட்டுவதும் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணரின் வழக்கமான வேலைதான், அரச வைத்தியசாலையில் பணமும் இல்லை. திரும்பத் திரும்ப வந்தது, குதிரைலாட வடிவில் இரு பக்கமும் ஓடுவது, குரோன்ஸ் சந்தேகம் என்றால் கண்டி, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் போன்ற போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். தனியாரில் சனல் பண்ணிப் பார்ப்பவர்களும் கிளினிக் கொப்பியையும் எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் கொண்டுபோக மறக்கக்கூடாது.

தூரமும் ஒரு மருத்துவக் காரணம்தான். புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ வாராவாரம் நூல் மாற்ற டவுனுக்கு வர முடியுமா? நாலு வாரம் வந்துவிட்டு, அறுவடையோ கடலோ அழைக்க நின்றுவிட்டால், பாதி வெட்டிய குழாயோடு காரநூல் சிகிச்சை வீணாகும். அப்படிப்பட்டவருக்கு, குழாய் எளியதானால், ஒரே தடவையில் திறந்துவிட்டு மருந்து கட்டுவதைக் கிட்டவுள்ள ஆஸ்பத்திரியில் தொடர்வது நடைமுறைக்கு ஒத்தது. தளர்ந்த நூல் கட்டினாலும் மாதக்கணக்கில் பிரச்சினையில்லாமல் இருக்கலாம்.

வள்ளத்தில் போகும் ஒருவருக்கும் அலுவலகத்தில் இருப்பவருக்கும் ஒரே கால அட்டவணை சரிவராது. இருந்து செய்யும் வேலைக்கு ஒன்று இரண்டு வாரத்தில் திரும்பலாம். வலை இழுப்பது, மூட்டை தூக்குவது நாலு வாரத்துக்கு வேண்டாம். புண் ஆறும் வரை கடலில் இறங்கவும் கூடாது. வருமானம் நிற்கும் அந்த மாதத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்து, தொழில் குறைந்த பருவத்தில் திகதி கேட்டால் வைத்தியர்கள் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். நீரிழிவு இருந்தால் திகதிக்கு முன்பே சீனியைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. மிக உயர்ந்திருக்கும்போது வெட்டிய புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும்.

வெட்டியபின்

முதல் நாள் இரண்டு தொல்லை வரலாம். ஒன்று சிறுநீர் இறங்காமை; முதுகு ஊசியாலும் வலியாலும் வருவது. ஆறு மணி நேரம் கடந்தும் போகாவிட்டால் தாதியிடம் சொல்லுங்கள். மற்றது, எழுந்து நின்றால் வந்து படுத்தால் போகும் தலையிடி. அதுவும் முதுகு ஊசியால் வருவது, சில நாளில் போய்விடும், போகாவிட்டால் காட்டுங்கள்.

வலிக்கு, ஈரலில் நோயில்லாத பெரியவர் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு இரண்டு வீதம், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல் போடலாம். வலி வரும்வரை காத்திராமல் முதல் மூன்று நாள் மணிக்கணக்குப்படி போடுவதுதான் வேலை செய்யும். கோடீன், திரமடோல் சேர்ந்தவை மலத்தை இறுக்கும். அதனால்தான் இரண்டாம் மூன்றாம் நாள் முதல் தடவை போகும்போது பலர் அலறுகிறார்கள்.

அந்த முதல் தடவைக்குப் பயந்து சாப்பிடாமல் இருப்பது மிகப் பெரிய பிழை. குடல் வெறுமையாகாது, மலம் உலர்ந்து கல்லாகும். குரக்கன் பிட்டு, தவிட்டோடு கூடிய சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசிப்பழம் என்று நன்றாகச் சாப்பிடுங்கள். பாணும் மாவுப் பண்டமும் கட்டசம்பலும் இந்த ஒரு மாதத்துக்குத் தள்ளி நிற்கட்டும். தண்ணீர் இரண்டு இரண்டரை லீற்றர். கச்சான் வீசும் ஆடி மாதத்தில் இன்னும் கூட. இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டியை ஒரு கிளாஸ் தண்ணீரில் கலக்கி உடனே குடித்து, பின்னால் இன்னொரு கிளாஸ் தண்ணீரும் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உமியே அடைத்துக்கொள்ளும். மலத்தை இளக்கும் லக்ருலோஸ் தந்திருந்தால் சொன்ன அளவில் எடுங்கள். வயிற்றோட்டமாக ஓடுமளவுக்குக் கூட்ட வேண்டாம், தண்ணீர்போன்ற மலமும் புண்ணை எரிக்கும்.

வெந்நீரில் இருத்தல்தான் வீட்டு வைத்தியத்தின் உயிர். அகலமான பேசினில் நாலைந்து லீற்றர் இளஞ்சூட்டு நீர். முழங்கையை விட்டால் இதமாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை, மலம் கழித்தபின் கட்டாயம் ஒரு தடவை. டெட்டோல் வேண்டாம், புதுச்சதையை எரிக்கும். உப்புப் போடலாம், போடாவிட்டாலும் குறையில்லை. சூடுதான் தசையின் இறுக்கத்தை இளக்குகிறது. நீரிழிவால் கால் மரத்தவர் சூட்டை வேறொருவரைக் கொண்டு பார்ப்பிக்க வேண்டும், தெரியாமல் வெந்துவிடும். வெந்நீர் என்றவுடன் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பலர் குளிக்கும் பொதுக் கிணற்றுத் தண்ணீரைத் திறந்த புண்ணில் ஊற்ற வேண்டாம், ஆறியபின் போய்வரலாம்.

புண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும், அது இயல்பு. சிவந்த, ஈரமான, சிறு மணிமணியாகத் தெரியும் சதைதான் ஆரோக்கியமானது. இரண்டு மூன்று வாரம் இளஞ்சிவப்பு நீரும் மஞ்சள் கசிவும் வரும். பெண்கள் பாவிக்கும் பாட் ஒன்றை ஆண்களும் கூச்சமின்றி வைத்துக்கொள்ளலாம். புண் அடியிலிருந்து மேலே ஆற வேண்டும். மேலே தோல் அவசரமாக ஒட்டிக்கொண்டு உள்ளே வெற்றிடம் நின்றால், அதே இடத்தில் மீண்டும் சீழ். ஆகவே இரு ஓரமும் ஒன்றையொன்று தொடாதபடி இலேசாக ஒரு மடிப்புக் கோஸ் வைத்தால் போதும். முன்புபோலக் குழிக்குள் கோஸை அடைத்து நிரப்பத் தேவையில்லை. சீழ்க்கட்டிக் குழிகளில் அப்படி அடைத்துப் பார்த்ததில் வலிதான் கூடியது, பின்னால் பிஸ்டுலா வருவது குறையவில்லை. ஓரத்தில் மயிர் வளர்ந்து புண்ணுக்குள் விழுந்தாலும் ஆறாது, கிளினிக்கில் மழித்துவிடச் சொல்லுங்கள்.

ஹோஸ் பைப்பை நேராகப் புண்ணில் பீச்ச வேண்டாம்; வாளியில் அள்ளி ஊற்றிக் கழுவி, ஒற்றித் துடையுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையில் நெடுநேரம் இருந்தால் அந்த இடத்தில் இரத்தம் தேங்கி வீங்கும், சாதாரண மெத்தென்ற தலையணையே மேல். மோட்டார் சைக்கிள் மூன்று வாரத்துக்கு வேண்டாம். தொழுகையில் குனிந்து எழ வலித்தால் கதிரையில் இருந்து தொழலாம், கசிவு நிற்கும்வரை சுத்தம் பற்றி மௌலவியிடம் கேட்டுத் தெளியுங்கள். விரதம் பிடிப்பதை அந்த ஒரு மாதம் தள்ளிப்போட்டால் மலச்சிக்கலிலிருந்து தப்பலாம்.

நூலோடு வீடு வந்தவர் குளிக்கும்போது அதை மெதுவாக ஒரு சுற்று அசைத்துக் கழுவ வேண்டும். முடிச்சை உள்ளே தள்ளிவிடக்கூடாது. நூல் அறுந்து விழுந்துவிட்டால் பதற வேண்டாம், ஆனால் மறுநாளே போய்க் காட்டுங்கள். சில நாள் விட்டால் பாதை சுருங்கிவிடும், மீண்டும் விட இன்னொரு மயக்கம் தேவைப்படலாம்.

ஒரு மணி நேரத்துக்குள் பாட் நனைந்து கட்டியாக இரத்தம் போனால், காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால், குறைந்த வலி மறுபடி ஏறினால், கசிவு நாறத் தொடங்கினால், கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அவசர பிரிவுக்குப் போங்கள். மூன்று மாதத்திலும் ஆறாத புண்ணைத் திரும்பப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு கிளை தப்பியிருக்கலாம், அல்லது அனுப்பிய சதைத்துண்டின் அறிக்கை இன்னும் யாராலும் வாசிக்கப்படாமல் கிடக்கலாம். அந்த அறிக்கையை நீங்களே கேட்டு வாங்குங்கள். காசநோய் என்று வந்தால் கத்திக்குப் பதில் ஆறுமாத மாத்திரையே சிகிச்சை.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டையில் உள்வாய் எந்த இடத்தில், குழாய் எவ்வளவு தசையைக் கடந்தது, எவ்வளவு வெட்டப்பட்டது என்ற மூன்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். அதைப் படமெடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் ஒரு பரு வந்தால், அடுத்த வைத்தியர் முதலில் கேட்பது இந்த மூன்றையும்தான்.